ரயிலில் பாட்டுக் கேட்க எந்த ஹெட்போன்? உங்கள் பட்டியலில் விட்டுப்போனவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பிதழில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் வாங்கக்கூடிய ஹெட்போன்கள் என்று ஒரு முழுப்பக்கம் வந்திருந்தது. படங்களெல்லாம் பளிச்சென்று இருந்தன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கீழே கொடுத்திருந்த விவரம் பேட்டரி எத்தனை மணி நேரம் வரும், டிரைவர் (உள்ளே ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்) எத்தனை மி.மீ., என்னென்ன நிறத்தில் கிடைக்கும், அவ்வளவுதான். போதாக்குறைக்கு இரண்டு ஹெட்போன்களுக்கு எதிரே 'இ.என்.சி. வசதி இருப்பதால் பேருந்து, ரயில் சத்தம் காதில் விழாது' என்று வேறு போட்டிருந்தீர்கள். அது தவறு. அதைச் சுட்டிக்காட்டலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன், எழுத எழுத நீண்டுவிட்டது. இடம் இல்லையென்றால் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், அடுத்த பத்தியை மட்டும் விட்டுவையுங்கள்.

இ.என்.சி. என்பது மைக்குக்கான வசதி. நீங்கள் போனில் பேசும்போது உங்களைச் சுற்றி இருக்கும் இரைச்சலைக் குறைத்து உங்கள் குரலை மட்டும் அந்தப் பக்கம் அனுப்பப் பார்க்கும். அதனால் நிம்மதி அந்தப் பக்கம் கேட்பவருக்கு, உங்கள் காதுக்கு ஒரு பைசா லாபமில்லை. உங்கள் காதுக்கு வரும் இரைச்சலைக் குறைப்பது ஏ.என்.சி. வெளிச்சத்தத்தை ஒரு குட்டி மைக்கால் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி, இரண்டையும் ஒன்றுக்கொன்று அடித்துக்கொள்ள வைக்கும் ஏற்பாடு அது. ஒரு எழுத்துதான் வித்தியாசம். அட்டைப்பெட்டியில் இ.என்.சி. என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்களுக்கு அந்த ஒரு எழுத்தை யாரும் கவனிக்கப்போவதில்லை என்று நன்றாகவே தெரியும். ஒரு செய்தித்தாள் அதை அப்படியே எடுத்துப் போட்டால் எப்படி?

நான் ஆடியோ நிபுணர் இல்லை. நேர்காணல், கருத்தரங்கு ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது என் பிழைப்பு. பகலெல்லாம் ஹெட்போன், காலையும் மாலையும் செங்கல்பட்டு–கடற்கரை மின்சார ரயிலிலும் ஹெட்போன். ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கும் வசதி இல்லாததால், வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கவே வேண்டாம் என்பது பழகிப்போய்விட்டது. என்னைக் கேட்டால் வெளியில் போகும்போது கேட்கிற ஹெட்போனுக்கு முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அது உங்கள் காதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் ஒட்டி உட்காருகிறதா? பிராண்டு, டிரைவர், பேட்டரி எல்லாம் அதற்கு அப்புறம்.

ஹெட்போனில் இரண்டு ரகம் உண்டு. காதை மூடும் கப்பின் பின்பக்கம் வலை மாதிரி திறந்திருந்தால் அது ஓப்பன் பேக், முழுக்க அடைத்திருந்தால் க்ளோஸ்டு பேக். ஓப்பன் பேக்கில் பாட்டு காற்றோட்டமாக, பெரிய அறையில் கேட்பதுபோல இருக்கும், வீட்டில் தனியாக உட்கார்ந்து கேட்க அதுதான் சுகம். ஆனால் ரயிலில் அதைப் போட்டால் வெளிச்சத்தம் முழுக்க உள்ளே வரும், உங்கள் பாட்டு முழுக்கப் பக்கத்து சீட்டுக்குப் போகும். வேடிக்கை என்னவென்றால், நடந்துகொண்டே பாட்டுக் கேட்கிற பழக்கத்தை உலகத்துக்குத் தொற்றவைத்த சோனி வாக்மேனோடு 1979-ல் வந்தது காற்று புகுந்து வெளியேறும் மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்த ஹெட்போன்தான். ஒருவர் மட்டும் தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று சோனியின் அகியோ மொரிட்டா கவலைப்பட்டு, அந்த முதல் வாக்மேனில் இரண்டு பேர் சேர்ந்து கேட்க இரண்டு ஜாக் வைக்கச் சொன்னாராம். இன்றைக்கு நம் ரயிலில் ஹெட்போனே இல்லாமல் பெட்டி முழுவதற்கும் ரீல்ஸ் கேட்க வைக்கும் மகானுபாவர்களை அவர் பார்க்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். க்ளோஸ்டு பேக்கின் முழுப் பலனும் அந்த அடைப்பில்தான் இருக்கிறது. கப்புக்கும் உங்கள் தலைக்கும் நடுவில் சிறைப்பட்ட கொஞ்சம் காற்றைத்தான் டிரைவர் தள்ளி இழுக்கிறது. எங்காவது ஒரு மூலையில் துளி இடைவெளி இருந்தாலும் அந்தக் காற்று தப்பிக்கும், முதலில் காணாமல் போவது பேஸ், அதாவது அடியில் அதிரும் கீழ்ச்சுருதி ஒலி. மிருதங்கத்தின் தொப்பி சத்தம் பொத்தென்று விழ வேண்டிய இடத்தில் டப்பாவைத் தட்டியதுபோல விழும். எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளில் பேஸ் கிடார் தன் பாட்டுக்கு ஒரு தனி வழியில் போய்க்கொண்டிருக்குமே, அது இருக்கிற இடமே தெரியாது. உடனே 'இந்த ஹெட்போனில் பேஸே இல்லை' என்று ஒன்றரை நட்சத்திரம் போட்டு விமர்சனம் எழுதிவிடுகிறார்கள். அதே ஹெட்போனுக்கு அடுத்தவர் ஐந்து நட்சத்திரம் போட்டு 'பேஸ் காதைக் கிழிக்கிறது' என்கிறார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம், தலை வேறு, தாடை வேறு, காது வேறு.

கடையில் இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்றைப் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் கப்புகளை மெல்லக் காதோடு அழுத்திப் பாருங்கள். பேஸ் லேசாகக் கூடினால் பரவாயில்லை. குபீரென்று கூடினால் அந்த ஹெட்போன் உங்கள் தலையில் சரியாக உட்காரவில்லை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். பிறகு கீழே விழுந்ததை எடுப்பதுபோல நன்றாகக் குனிந்து பாருங்கள், நழுவக்கூடாது. பத்து, பதினைந்து நிமிடம் கழற்றாமல் வைத்திருந்து பாருங்கள், உச்சந்தலையில் ஒரு புள்ளியில் மட்டும் வலிக்க ஆரம்பித்தால் அது நாளாக நாளாகச் சரியாகாது. கடைக்காரர் முறைத்தால் முறைத்துவிட்டுப் போகட்டும்.

கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடுதான் சோதிக்க வேண்டும், இதை யாருமே எழுதுவதில்லை. கண்ணாடியின் காம்பு, காதுக்கு மேலே கப்பின் பஞ்சைத் தூக்கிக்கொண்டு நிற்கும், அங்கே ஒரு சின்னச் சுரங்கம் உண்டாகிவிடும், பேஸ் அந்த வழியாகப் போய்விடும், ரயில் சத்தம் அதே வழியாக உள்ளே வரும். மெல்லிய உலோகக் காம்பு என்றால் தப்பித்தீர்கள், இப்போது பாஷனாக இருக்கும் தடித்த பிளாஸ்டிக் பிரேம் என்றால் கஷ்டம். பஞ்சு தடிமனாகவும் மெத்தென்றும் இருந்தால் காம்பைச் சுற்றி அமுங்கி ஓரளவு அடைத்துக்கொள்ளும், கெட்டியான பஞ்சு அடைக்காது. ஜிமிக்கி, பெரிய தோடு போடுகிற பெண்களுக்கும் இதே தொல்லை, கூடவே வலியும். காதை முழுதாக உள்ளே வாங்கிக்கொள்ளும் ஓவர் இயர் ரகத்தில் சின்னத் தோடு உள்ளே அடங்கிவிடும், காதின் மேலேயே உட்காரும் ஆன் இயர் ரகத்தில் தோட்டின் திருகாணி காதுக்குப் பின்னால் குத்தியே தீரும். உங்கள் பட்டியலில் எது ஓவர் இயர், எது ஆன் இயர் என்ற தகவல்கூட இல்லை, படத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருந்தது.

வெறும் அடைப்பு ரயில் சத்தத்தை நிறுத்திவிடுமா என்றால், முழுதாக நிறுத்தாது. மூடிய கப் தடுப்பது பெரும்பாலும் உயர்ந்த சுருதியில் வரும் சத்தங்களை. பக்கத்தில் பேசுகிறவர்களின் குரல், பிரேக் கிறீச்சிடுவது, சமோசா விற்பவரின் கூவல், இதெல்லாம் நன்றாகக் குறையும். தடதடவென்று அடியில் ஓடும் சக்கரச் சத்தமும் பேருந்து எஞ்சினின் உறுமலும் கீழ்ச்சுருதி, அவை பிளாஸ்டிக்கையும் பஞ்சையும் சட்டை செய்யாமல் உள்ளே வரும். ஏ.என்.சி.க்கு நேர்மாறான குணம், ஒரே சீராக ஓடும் கீழ்ச்சத்தத்தை நன்றாகக் குறைக்கும், திடீரென்று வரும் ஹாரனிடமும் பேச்சுக்குரலிடமும் தடுமாறும். போஸ் நிறுவனத்தின் அமர் போஸுக்கு 1978-ல் அந்த யோசனை வந்ததே விமானத்தில் போகும்போதுதான், விமான எஞ்சின் மாதிரி மணிக்கணக்கில் மாறாமல் ஓடும் சத்தத்துக்கு அது கச்சிதமான மருந்து. ஆக, நல்ல ஏ.என்.சி. ஹெட்போனுக்கும் முதலில் நல்ல அடைப்பு வேண்டும். அடைப்பே சரியில்லாத மலிவு ஹெட்போனில் ஏ.என்.சி. என்று ஒரு பட்டன் வைத்திருப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடைப்பைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குப் பாட்டு நன்றாகக் கேட்க வேண்டும் என்பது மட்டும் காரணமில்லை. வெளிச்சத்தம் உள்ளே வந்தால் நாம் என்ன செய்கிறோம்? சத்தத்தைக் கூட்டுகிறோம். தாம்பரத்தில் ரயில் நிற்கும்போது போதுமானதாக இருந்த அளவு, ரயில் வேகம் எடுத்ததும் பற்றாமல் போய், அடுத்த நிறுத்தத்தில் குறைக்க மறந்து, அப்படியே போகிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து ஒரு கணக்கு வைத்திருக்கின்றன: பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். 83-க்கு 20 மணி நேரம், 86-க்கு 10, 89-க்கு 5. தினமும் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டு மணி நேரம். 86 டெசிபலில் கேட்டால் வாரக் கணக்கு ரயிலிலேயே தீர்ந்து கடனாகிவிடுகிறது, வீட்டில் கேட்பது தனி. நல்ல அடைப்பு உள்ள ஹெட்போன் சத்தத்தை இரண்டு, மூன்று புள்ளி குறைத்து வைக்க இடம் கொடுக்கிறது என்றால் அது சின்ன விஷயமில்லை. பிள்ளைகளுக்கு ஹெட்போன் வாங்கும் பெற்றோர் இந்த ஒரு பத்தியைப் படித்தால் போதும்.

அடுத்து, காதுப் பஞ்சு. நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் ஹெட்போனில் முதலில் சாவது இதுதான், ஆனால் வாங்கும்போது யாரும் விரலால்கூடத் தொட்டுப் பார்ப்பதில்லை. மலிவு விலையில் வருவதெல்லாம் தோல் இல்லை, துணியின் மேல் பூசிய பாலியூரித்தேன் படலம். காற்றில் உள்ள ஈரமும் தோலில் உள்ள எண்ணெயும் வியர்வையும் அந்தப் படலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கின்றன. கடலோர ஊர் என்றால் கேட்கவே வேண்டாம், உபயோகிக்காமல் பீரோவில் வைத்திருந்தாலும் போகும். முதலில் ஓரத்தில் மெல்லிய சுருக்கம் விழும், பிறகு விரலால் தேய்த்தால் வழவழப்பு போய்ப் பிசுபிசுவென்று வரும், அதன்பிறகு கருப்புச் செதில் செதிலாக உரிந்து காதிலும் கன்னத்திலும் சட்டைக் காலரிலும் ஒட்டும். அலுவலகத்தில் பக்கத்தில் இருப்பவர் 'காதில் என்னமோ எறும்பு' என்று தட்டிவிடுவார். படலம் உரிந்ததும் உள்ளே இருக்கும் துணி வழியாகக் காற்று போக, பேஸும் போய்விடும், ஹெட்போன் கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள். கெட்டது பஞ்சு மட்டும்தான்.

அதனால் வாங்கும்போதே கேட்க வேண்டியது: இந்தப் பஞ்சைக் கழற்றி மாற்ற முடியுமா, மாற்றுப் பஞ்சு தனியாகக் கிடைக்குமா? பல மலிவு ஹெட்போன்களில் பஞ்சைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள், பிய்த்தால் கப்போடு வரும். கழற்றக்கூடிய ரகத்தில் பஞ்சின் பின்பக்கம் ஒரு உதடு மாதிரி விளிம்பு இருக்கும், அதைக் கப்பின் ஓரத்தில் சுற்றி மாட்டியிருப்பார்கள், ஒரு ஓரத்தை நகத்தால் தூக்கினாலே தெரிந்துவிடும். பிரபலமான மாடல் என்றால் வேறு கம்பெனிக்காரர்கள் செய்யும் பஞ்சே மலிவாகக் கிடைக்கும். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் விசாரிக்கலாம், மற்றவர்கள் இணையத்தில் மாடல் பெயர் போட்டுத் தேடலாம். துணிப் பஞ்சு, வெல்வெட் பஞ்சு எல்லாம் வாங்கி மாட்டினால் கத்திரி வெயிலில் காதுக்குச் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் அடைப்பு குறைந்து பேஸும் குறையும், ரயிலுக்கு அது சரிப்படாது. வியர்வை பொறுக்காதவர்கள் இதில் ஒன்றைத் தியாகம் செய்துதான் ஆக வேண்டும்.

ஒயர் கதை இன்னொன்று. ஒயர் அறுவது பெரும்பாலும் நடுவில் அல்ல, போனில் செருகும் பின்னின் கழுத்தில். போனைப் பாக்கெட்டில் போட்டு உட்கார்ந்து எழுந்து அந்த இடம் மடங்கி மடங்கி, ஒரு பக்கம் மட்டும் கரகரவென்று வந்து, ஒயரை முறுக்கிப் பிடித்தால் வந்து, விட்டால் போகும். ஒயர் கழற்றி மாட்டும் வகையில் இருந்தால் புது ஒயர் வாங்கி மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். கப்போடு சேர்த்து மூடிய ஒயர் என்றால் பற்றவைக்கத் தெரிந்தவரிடம் போக வேண்டும், அவர் 'புதுசே வாங்கிக்கோங்க சார்' என்பார்.

இப்போது பல போன்களில் 3.5 மி.மீ. ஜாக்கே கிடையாது என்பதால் டைப்-சி மாற்றி (அடாப்டர்) ஒன்று தேவைப்படும். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் மாற்றியில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் இணைப்பு, போனுக்குள்ளேயே டைப்-சி வழியாக ஒலியை அனுப்பும் ஏற்பாடு இருந்தால்தான் அது வேலை செய்யும், பல போன்களில் அந்த ஏற்பாடு கிடையாது. மற்றது, எண்ணாக வரும் ஒலியை அலையாக மாற்றும் டி.ஏ.சி. சிப் உள்ளே இருக்கும் மாற்றி, இது அநேகமாக எல்லா டைப்-சி போனிலும் பேசும். கடையில் நூறு ரூபாய்க்குக் கிடைப்பது பெரும்பாலும் முதல் வகை. 'டி.ஏ.சி. இருக்கா' என்று கேளுங்கள், கேட்டுவிட்டு உங்கள் போனிலேயே மாட்டிப் பாட்டுப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்பது எல்லாப் பெட்டியிலும் இருக்கும், அதற்கு அர்த்தமே கிடையாது. எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தமாக என்று சொல்லாத வரை அது சும்மா அலங்காரம். டிரைவர் 50 மி.மீ. என்றால் 40 மி.மீ.யைவிட உசத்தி என்பதும் அப்படித்தான், உலகம் முழுக்க ஒலிப்பதிவுக்கூடங்களில் இருக்கும் சோனி எம்.டி.ஆர்.-7506-ல் இருப்பது 40 மி.மீ.தான். பார்க்க வேண்டிய எண் இரண்டு: ஓம் (மின்தடை) எத்தனை, சென்சிடிவிட்டி (கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது) எத்தனை. போனில் மாட்டிக் கேட்க 32 முதல் 60 சொச்சம் ஓம் வரை இருந்தால் கவலை இல்லை. பையர்டைனமிக் டி.டி. 770 ப்ரோ மாதிரி சில நல்ல ஹெட்போன்கள் 32, 80, 250 ஓம் என்று மூன்று வகையில் வருகின்றன, பழையது மலிவாகக் கிடைக்கிறதே என்று 250 ஓம் வாங்கிப் போனில் மாட்டினால் சத்தம் முனகும். சென்சிடிவிட்டியைச் சிலர் மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல் என்றும், சிலர் வோல்ட்டுக்கு இத்தனை என்றும் போடுகிறார்கள், இரண்டையும் நேரடியாக ஒப்பிடக்கூடாது. 32 ஓம் ஹெட்போனில் மில்லிவாட்டுக்கு 100 என்பதும் வோல்ட்டுக்கு 115 என்பதும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் பெட்டியில் பார்க்கும்போது 115 பெரிதாகத் தெரியும்.

பெயர் சொல்லாமல் போனால் 'இவ்வளவு பேசினாயே, எதைத்தான் வாங்க' என்று கேட்பீர்கள். ஆடியோ டெக்னிகாவின் ஏ.டி.எச்.-எம்20எக்ஸ் அமெரிக்காவில் 49 டாலருக்கு விற்ற ஹெட்போன், இங்கே வரும்போது வரியெல்லாம் சேர்ந்து கூடும், உங்கள் இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்காது, ஹெட்போனுக்கு ஜி.எஸ்.டி.யே 18 சதவீதம். 47 ஓம், 190 கிராம், போனிலேயே தாராளமாகப் பாடும், பஞ்சு மாற்றலாம். ஆனால் கழற்ற முடியாத மூன்று மீட்டர் ஒயர்! பாதி ஒயரைப் பையில் சுற்றி வைத்துக்கொண்டு ரயிலில் ஏறினால் பக்கத்தில் இறங்குகிறவர் உங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவார். மேசைக்கு அது அருமை, பயணத்துக்கு அடுத்த படியான எம்40எக்ஸ் எடுப்பது நல்லது: 35 ஓம், 240 கிராம், மடிக்கலாம், ஒயரைக் கழற்றலாம். கூடவே வரும் இரண்டு ஒயரும் நீளம்தான், சுருட்டை ஒயர் ஓரளவு சமாளிக்கும், ஒன்றரை மீட்டருக்குள் ஒரு ஒயர் தனியாக வாங்கிவிட்டால் நிம்மதி. வாங்கும்போது அந்த மாடலுக்கென்றே கேளுங்கள், அது 2.5 மி.மீ. பின், திருகிப் பூட்டும் வகை, சாதாரண ஒயர் சரியாக உட்காராது.

சோனி 7506 வந்தது 1991-ல், இன்னும் விற்கிறார்கள். பேச்சைக் கேட்டுத் தட்டச்சு செய்கிற என் மாதிரி ஆட்களுக்கு அதைவிடத் தெளிவாகச் சொல் காட்டுவது இந்த விலையில் அபூர்வம், ஸ, ஷ மாதிரி எழுத்துகள் சிலருக்குக் கொஞ்சம் கூர்மையாகக் குத்தலாம். அதற்கும் சுருட்டை ஒயர், கழற்ற முடியாது. அதன் பஞ்சும் உரியும், ஆனால் மாற்றுப் பஞ்சுக்குப் பஞ்சமே இல்லை. சென்ஹைசரின் எச்.டி.25 1988-ல் வந்தது, ஆன் இயர், 140 கிராம்தான், தலையை நன்றாக இறுக்கும், இரைச்சலை அருமையாகத் தடுக்கும், பஞ்சிலிருந்து ஒயர் வரை ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியாகக் கிடைக்கும். விலை நம் கணக்குக்கு ரொம்பவே மேலே, தோடு போடுகிறவர்களுக்கு ஆகாது. ஆனாலும் ஏன் சொல்கிறேன் என்றால், முப்பது வருஷம் தாண்டியும் இந்த மாடல்கள் கடையில் இருப்பதற்குக் காரணம் உதிரிப் பாகம். வருஷத்துக்கு வருஷம் பெயர் மாறும் ஹெட்போனுக்கு எவன் பஞ்சு செய்து விற்பான்?

ப்ளூடூத் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நெரிசலில் ஒயர் இல்லாமல் இருப்பது எவ்வளவு வசதி என்று எனக்கும் தெரியும், இந்த ஸ்டுடியோ ஹெட்போன்களில் போன் பேச மைக்கும் கிடையாது. ஆனால் உள்ளே இருக்கும் பேட்டரி நாளாக நாளாகத் தளரும், மலிவு ஹெட்போனில் அதை மாற்றிக் கொடுக்க யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அதனால் ப்ளூடூத் வாங்கினால் ஒயரும் மாட்டிக் கேட்கும் வசதி இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், பேட்டரி செத்தாலும் ஹெட்போன் பிழைக்கும். வாங்குவதற்கு முன் ஒயரை மாட்டி, சுவிட்சை அணைத்துவிட்டுப் பாட்டு வருகிறதா என்றும் பாருங்கள், சில மாடல்கள் ஒயரில் போட்டாலும் சார்ஜ் இல்லாமல் பாடாது.

கையில் ஆயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால் என் யோசனை வேறு. அந்த விலையில் பெரிய கப் வைத்த ஹெட்போனைத் தேடாமல், ரப்பர் முனை வைத்துக் காதுக்குள் நுழையும் ஒயர் இயர்போன் வாங்கிவிடுங்கள். சரியான அளவு முனை பொருந்திவிட்டால் மலிவு ஹெட்போன் எதைவிடவும் நன்றாக அடைக்கும். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி முனை கூடவே கொடுப்பார்கள், பெரும்பாலோர் மாட்டியிருப்பதை மாற்றிப் பார்ப்பதே இல்லை. மற்ற இரண்டையும் போட்டுப் பாருங்கள், இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு வேறொன்று பொருந்தினாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

போலிகளைப் பற்றியும் நீங்கள் எழுதியிருக்கலாம். நன்றாக விற்கும் எந்த மாடலுக்கும் அச்சு அசலாக ஒரு போலி உண்டு. பொட்டலப் பொருள்கள் எதுவானாலும் அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம், வருடம், இறக்குமதி என்றால் எந்த நாடு, இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, புகார் சொல்லத் தொடர்பு, இவ்வளவும் பெட்டியில் இருக்க வேண்டும் என்பது சட்டம். இந்தச் சீட்டு இல்லாமல் 'இம்போர்ட்டட் சார்' என்று கொடுப்பதை வாங்கினால் வாரன்ட்டி உங்கள் நம்பிக்கை மட்டும்தான். கடையானாலும் இணையமானாலும் பில் வாங்குங்கள். பழுதானதைச் சரிசெய்து தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, கூப்பிட்டுப் புகார் பதியலாம், பில் இல்லாமல் கூப்பிட்டால் பேச்சு நீளும்.

இன்னொன்று, அடைப்பு நன்றாக உள்ள ஹெட்போன் தண்டவாளத்தையும் சாலையையும் கடக்கும்போது கழுத்தில்தான் இருக்க வேண்டும், காதில் இல்லை. மின்சார ரயில் பின்னால் வருவது வெறுங்காதுக்கே சில நேரம் தாமதமாகத்தான் தெரிகிறது. நடைமேம்பாலம் பக்கத்திலேயே இருக்கும்போது தண்டவாளத்தில் இறங்கி நடக்கிறவர்களிடம் இதைச் சொல்லி என்ன பிரயோஜனம் என்பது வேறு விஷயம்.

கடைசியாக உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை இப்படி ஒரு பட்டியல் போட்டால் பேட்டரிக்கும் நிறத்துக்கும் ஒதுக்கிய இடத்தில் நான்கு தகவல் சேருங்கள்: எடை எத்தனை கிராம், பஞ்சு கழற்றி மாற்ற முடியுமா, ஒயர் எவ்வளவு நீளம், அதைக் கழற்ற முடியுமா. முடிந்தால் உங்கள் அலுவலகத்தில் கண்ணாடி போட்டவர் ஒருவரையும் தோடு போட்டவர் ஒருவரையும் அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு நாள் பேருந்தில் போய்வரச் சொல்லி, அவர்கள் சொல்வதை இரண்டு வரி போடுங்கள். இ.என்.சி. திருத்தத்தை அதற்கு முன்பே, வரும் ஞாயிறே போட்டுவிடுங்கள், அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மறைமலைநகர் வாசகர்